மதுரையில் உட்கார்ந்து கம்பளி ஸ்வெட்டர்: கழுத்திலிருந்து பின்னுவதா, துண்டு துண்டாகவா?

மதுரையில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் யாரும் மதுரையில் போடுவதற்காகப் பின்னுவதில்லை. மார்கழிக் குளிர் என்று நாம் போர்வையைத் தேடும் விடியற்காலையிலும் இங்கே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அதற்குத் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் போதும். ஸ்வெட்டர் போகப்போவது டெல்லியில் படிக்கிற பையனுக்கு, பெங்களூரில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற மகளுக்கு, கொடைக்கானலுக்கு மாற்றலாகிப் போன வீட்டுக்காரருக்கு. நூலும் நம் ஊர் நூல் இல்லை. நம் பக்கத்துக் கரிசல் காடுகளில் கீதாரிகள் கிடை போடுகிற ஆடுகள் கறிக்கும் எருவுக்கும் ஆனவை. அவற்றின் மேலிருப்பது முடி, ஸ்வெட்டருக்கு ஆகிற ரோமம் இல்லை. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறது என்றாலும், நம் கைக்கு வருகிற பின்னல் நூல் பெரும்பாலும் லூதியானா பக்கத்து மில்களிலிருந்து வருவதுதான்.

ஆக, போடுகிற ஆளும் பக்கத்தில் இல்லை, நூலும் பக்கத்தில் இல்லை. எந்த முறையில் பின்னுவது என்று தேடினால் கிடைக்கிற ஆலோசனைகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்களுடையவை. தெருமுனையில் நூல் கடையும், ஹாலில் அளவு கொடுக்கிற ஆளும் இருக்கிற வீட்டுக்கு அவை சரி. நமக்கு அப்படியே பொருந்தாது.

பெரியவர்களுக்கான ஸ்வெட்டரைப் பின்ன முக்கியமாக நாலு வழி உண்டு. முதலாவது நம் அம்மாக்கள் காலத்து வழி: இரண்டு நேர் ஊசியில் முதுகு, முன்பக்கம், இரண்டு கை என்று நாலு துண்டாகப் பின்னிக் கடைசியில் தைத்துச் சேர்ப்பது. இரண்டாவது, கீழிருந்து வட்டமாக ஏறுவது. இடுப்பில் ஆரம்பித்து உடம்பைக் குழாயாகப் பின்னி, தனியாகப் பின்னி வைத்த கைகளை அக்குளில் சேர்த்து, அங்கிருந்து கண்ணிகளை, அதாவது ஊசியில் நிற்கிற நூல் வளையங்களை, குறைத்துக்கொண்டே கழுத்துக்குப் போவது. மூன்றாவது, கழுத்தில் ஆரம்பித்துத் தோளில் நாலு சாய்கோடுகளாக விரிந்து கீழே இறங்கும் ரேக்லன். நாலாவதும் கழுத்தில் ஆரம்பிப்பதுதான், ஆனால் சாய்கோடு இல்லாமல் தோள் முழுக்கச் சுற்றி விரியும் வட்ட யோக். முதல் வழியைத் தவிர மற்ற மூன்றிலும் தைக்கிற வேலை அநேகமாக இல்லை.

என் கட்சி மூன்றாவது. ஆனால் அது எல்லாருக்கும் எப்போதும் சரிவரும் என்று சொல்ல மாட்டேன். சரிவராத இடங்களையும் கீழே சொல்கிறேன்.

முதலில் நூல்

ஊரில் பேன்சி ஸ்டோரில் போய் உல்லன் நூல் என்று கேட்டால் வாசல் தோரணத்துக்கும் பொம்மைக்கும் வாங்குகிற அக்ரிலிக் என்ற செயற்கை நூலைத்தான் எடுத்துப் போடுவார்கள். அது கெட்ட நூல் என்று இல்லை. துவைக்கச் சுலபம், பூச்சி அரிக்காது, விலை குறைவு. ஆனால் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் மேலுக்குச் சொதசொதவென்று இருக்காது. மலைப் பனியில் நடக்கிற ஆளுக்கு இது பெரிய வித்தியாசம். அக்ரிலிக்கில் வியர்த்தால் வியர்வை உள்ளேயே நிற்கும், பிறகு அதுவே குளிரும். லேபிளில் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு நூலைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகிய வாசனையோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். இரண்டும் கலந்த நூலில் வாசனையும் வரும், மணியும் நிற்கும். காட்டன் நூல் மதுரையில் தாராளமாகக் கிடைக்கிறதே என்று அதில் பின்ன நினைத்தால், ஸ்வெட்டர் கனக்கும், தொங்கும், இழுத்தால் திரும்பி வராது. காட்டனை விட்டுவிடலாம்.

சரி, நல்ல கம்பளி என்றால் ஆன்லைனிலோ வெளியூர் போகிறவர்களிடம் சொல்லியோதான் வரவழைக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு பந்தின் லேபிளிலும் டை லாட் என்று ஓர் எண் இருக்கும். ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கு ஒரே எண். ஒரே நிறம், வேறு லாட் என்றால் பந்துகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரியாது. பின்னி முடித்து வெயிலில் விரித்தால் கோடு கிழித்த மாதிரி தெரியும். நெஞ்சளவு 96 சென்டிமீட்டர் உள்ள ஓர் ஆணுக்கு நடுத்தர கனமுள்ள நூலில் ஏறக்குறைய 500 முதல் 600 கிராம் பிடிக்கும். சரியாக எவ்வளவு என்பது பின்னுகிற கையைப் பொறுத்தது, கை நீளத்தைப் பொறுத்தது. 550 கிராம் வாங்கி வைத்திருக்கிறீர்கள், 40 கிராம் குறைகிறது என்று வையுங்கள். அதே லாட் திரும்பக் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

அந்தக் குறைவு எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பதில்தான் நாலு முறைகளும் பிரிகின்றன. துண்டுகளாகப் பின்னினால் இரண்டாவது கையில் வந்து நிற்கும். முதல் கை முழு நீளம், இரண்டாவது கை முழங்கை வரை. முதலில் பின்னியதையும் பிரிக்க வேண்டியதுதான். கீழிருந்து பின்னினால் இன்னும் மோசம்: உடம்பும் கைகளும் தயாராக இருக்கும், தோளும் கழுத்தும் இருக்காது. மேலிருந்து இறங்கினால் குறைவு வந்து நிற்பது உடம்பின் கீழ் ஓரத்தில். ஸ்வெட்டர் கொஞ்சம் குட்டையாக இருக்கும், அவ்வளவுதான். தோள் பகுதி முடிந்து கைக் கண்ணிகளைத் தனியாக ஒதுக்கியவுடன் உடம்பைத் தொடாமல் இரண்டு கைகளையும் முதலில் பின்னி முடித்துவிடுங்கள். மீதி இருக்கிற நூல் எல்லாம் உடம்புக்கு. சமையலறைத் தராசில் அவ்வப்போது நிறுத்துப் பார்த்து, அடி ரிப்புக்கு (ஓரத்தில் இழுத்தால் நீளுகிற பட்டிக்கு) 30, 40 கிராம் ஒதுக்கி வைத்துவிட்டால், மற்றது தீரும்வரை பயமில்லாமல் பின்னலாம். மதுரைக்காரர்களுக்கு மேலிருந்து பின்னுவதை நான் சிபாரிசு செய்ய முதல் காரணம் இதுதான். அழகு, சுலபம் எல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டாவது, ஆள்

மேலிருந்து பின்னினால் போட்டுப் பார்த்துக்கொண்டே பின்னலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். போட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே! ஆள் டெல்லியில் இருந்தால் அந்த வசதி போச்சு என்று தோன்றும். போகவில்லை, தள்ளிப் போகிறது. நம் பிள்ளைகள் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வீட்டுக்கு வருவார்கள். அதற்குள் தோள் பகுதியை முடித்து, கைகளையும் உடம்பையும் ஏறக்குறைய பின்னி, ரிப் மட்டும் போடாமல், கண்ணிகளை வேறு நிறக் காட்டன் நூலில் கோத்து வையுங்கள். வந்த அன்று போட்டுப் பார்க்கச் சொல்லி, கை ரெண்டு விரல் நீளம் போதாது என்றால் பின்னி, அதிகம் என்றால் பிரித்து, ரிப் போட்டு முடித்து, ஊருக்குக் கிளம்பும் முன் கையில் கொடுத்துவிடலாம். துண்டாகவோ கீழிருந்தோ பின்னினால் இந்தக் கடைசி நேரத் திருத்தம் இவ்வளவு சுலபமாக வராது.

வளருகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் உதவும். பின்னல் முடித்த முனையிலிருந்து இழுத்தால்தான் வரிசை வரிசையாகப் பிரியும். ஆரம்பித்த முனையிலிருந்து ரிப்பைப் பிரிக்க முயன்றால் ஒவ்வொரு கண்ணியாக நோண்டி எடுக்க வேண்டும். மேலிருந்து பின்னியதில் முடித்த முனை கீழே, மணிக்கட்டிலும் இடுப்பிலும் இருக்கிறது. அடுத்த வருஷம் கை குட்டையானால் ரிப்பை அவிழ்த்து நாலு அங்குலம் சேர்த்து மறுபடி மூடலாம். கீழிருந்து பின்னியதில் அதே இடம் ஆரம்பித்த முனை.

அளவுக்கு ஆளை எதிர்பார்க்காதீர்கள், அவர் போடுகிற ஒரு பனியன் டீ-ஷர்ட்டைக் கட்டிலில் விரித்து அளந்து அனுப்பச் சொல்லுங்கள். அக்குளுக்கு அக்குள், தோள் மேலிருந்து கீழ் ஓரம், கழுத்து மையத்திலிருந்து கை நுனி. உடம்பைச் சுற்றி டேப் பிடித்தால் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பார்கள், குறிப்பாக நாற்பது தாண்டிய ஆண்கள். அந்த அளவை நம்ப முடியாது.

ரேக்லன் கணக்கு

முறை நல்லது என்று சொல்லிவிட்டு, அதிலிருக்கிற பெரிய ஓட்டையைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி, 28 வரிசை வருகிற நூல். நெஞ்சளவு 96, தளர்ச்சிக்கு 8 சேர்த்து 104 சென்டிமீட்டர். அப்படியானால் நெஞ்சில் 208 கண்ணி. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் ஸிம்மர்மேன் என்ற பின்னல் ஆசிரியர் நெஞ்சளவை நூறாக வைத்து மற்றதை எல்லாம் சதவீதத்தில் சொல்லும் கணக்கைப் பரப்பினார். அவர் பின்னியது கீழிருந்து மேலே, ஆனால் கணக்குக்குத் திசை கிடையாது. கழுத்து 40 சதவீதம், மேல்கை 33 சதவீதம் சுமார், மணிக்கட்டு 20 சதவீதம், அக்குள் 8 சதவீதம்.

கழுத்துக்கு 84 கண்ணி. முதுகு 30, முன்பக்கம் 30, கைக்குப் பன்னிரண்டு பன்னிரண்டு. நாலு கோட்டிலும் பக்கத்துக்கு ஒரு கண்ணி என்று ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கூட்டுகிறோம். ஒரு தடவைக்கு 8 கண்ணி கூடும். அக்குளில் ஒவ்வொரு பக்கமும் 16 கண்ணி புதிதாகச் சேர்ப்போம், அதனால் முன்பக்கமும் முதுகும் அதற்கு முன்னால் 88 கண்ணி ஆக வேண்டும். முப்பதிலிருந்து 88க்குப் போக 29 தடவை கூட்ட வேண்டும், 58 வரிசை, ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் ஆழம். இதுவரைக்கும் சரி.

இப்போது கையைப் பாருங்கள். கையும் அதே 29 தடவை கூடியிருக்கிறது. 12 கண்ணி 70 ஆகியிருக்கும், அக்குளின் 16 சேர்ந்தால் 86. சுற்றளவு 43 சென்டிமீட்டர்! ஜிம்முக்குப் போகிறவனுக்கு வேண்டுமானால் சரி. நம் வீட்டு ஆண்களுக்கு மேல்கை அவ்வளவு கிடையாது. வயிறு இருக்கும், கை இருக்காது. இணையத்தில் கிடைக்கிற எளிய பேட்டர்ன்கள் பலவும் உடம்புக்கும் கைக்கும் ஒரே வேகத்தில் கூட்டச் சொல்லும். பெரிய அளவுகளில் அக்குளில் துணி மடிந்து மூட்டையாக நிற்பது அதனால்தான். அதை ரேக்லனின் குணம் என்று நினைத்து அந்த முறையையே கைவிட்டவர்கள் உண்டு.

திருத்துவது கஷ்டமில்லை. கைக்கு 35 சென்டிமீட்டர் போதும் என்றால் 70 கண்ணி. அக்குளின் பதினாறைக் கழித்தால் 54. பன்னிரண்டிலிருந்து 54க்குப் போக 21 தடவை போதும். ஆக, 21 தடவை எட்டு எட்டாகக் கூட்டுங்கள். மீதி எட்டுத் தடவை கைப் பக்கம் கூட்டாமல் உடம்புப் பக்கம் மட்டும் கூட்டுங்கள், தடவைக்கு 4 கண்ணி. கோடு கொஞ்சம் வளையும். யாரும் கவனிக்க மாட்டார்கள். கவனித்தாலும் அழகாகத்தான் இருக்கும்.

வயிற்றுக்கு வேறு வழி. அக்குளுக்குக் கீழே ஒரு சாண் இறங்கியதும் இரண்டு பக்கவாட்டிலும் சில வரிசைக்கு ஒரு தடவை கண்ணி கூட்டிக்கொண்டு வரலாம். அதோடு முன்பக்கம் மட்டும் பாதி வரிசையாகப் போய்த் திரும்பி வந்தால் முன் ஓரம் மேலே தூக்கிக்கொண்டு நிற்காது. இதே பாதி வரிசை வித்தையைக் கழுத்தின் பின்பக்கமும் அவசியம் செய்ய வேண்டும். மனிதனுக்குக் கழுத்து முன்னால் தாழ்ந்தும் பின்னால் உயர்ந்தும் இருக்கிறது. வெறும் வட்டமாக இறங்கினால் ஸ்வெட்டர் தொண்டையை அழுத்தும், பிடரி திறந்து கிடக்கும். மலைக் காற்று நேராக அங்கேதான் போகும்.

கழுத்தில் இன்னொரு விஷயம். 84 கண்ணி என்பது 42 சென்டிமீட்டர், தலை 57 சென்டிமீட்டர் இருக்கும். ஆரம்பக் கண்ணிகளை இறுக்கிப் போட்டால் தலை நுழையாது. தளர்த்திப் போட்டால் நாள்பட்டுக் கழுத்து தொங்கும். நான் நேராகக் கண்ணி போட்டு ஆரம்பித்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு அந்த ஓரத்திலிருந்து கண்ணி எடுத்து, ஒரு சைஸ் சின்ன ஊசியில் ரிப் பின்னி, நீட்டினால் நீளுகிற விதத்தில் மூடுகிறேன். இரண்டு அடுக்கு ஓரம் கழுத்தைப் பிடித்து வைக்கிறது.

துண்டுக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது

சித்திரை வெயிலில், அழகர் ஆற்றில் இறங்குகிற சமயம், மடியில் அரைக் கிலோ கம்பளியைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். ஃபேன் முழு வேகத்தில் சுற்றினாலும் தொடை வேகும். மேலிருந்து பின்னுகிற ஸ்வெட்டர் வளர வளர மொத்தமும் மடியில்தான் கிடக்கும், கை பின்னும்போது முழு ஸ்வெட்டரையும் சேர்த்துத்தான் திருப்ப வேண்டும். ஒரு கைத் துண்டு நூறு கிராம் கூட வராது. ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ் ஏறி ஜன்னல் ஓரம் கிடைத்தால், வத்தலக்குண்டு வரைக்கும் நிம்மதியாக ஒரு சாண் பின்னலாம். அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள், பின்னல் பையை மூடி வைப்பது நல்லது. உள்ளங்கை வியர்க்கிறவர்களுக்கும் சின்னத் துண்டுதான் தோது. வியர்வையும் உரசலும் சேர்ந்தால் கம்பளி திரண்டுகொள்ளும், திரும்பத் திரும்பக் கை படுகிற இடம் மங்கிப் போகும். இதற்கு என் தீர்வு காலண்டரை மாற்றுவதுதான். பங்குனி, சித்திரை, வைகாசியில் அளவு எடுப்பது, கண்ணி எண்ணிப் பார்க்கச் சின்னதாக ஒரு சாம்பிள் பின்னுவது, கணக்குப் போடுவது. ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்ததும் ஊசியை எடுப்பது. தீபாவளிக்குப் போட்டுப் பார்க்கிற திட்டத்துக்கும் இது ஒத்துவரும்.

தையலுக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. தோளில் போட்ட தையல் ஸ்வெட்டரின் எடையைத் தாங்குகிறது, பக்கத் தையல் அதை முறுக்காமல் வைக்கிறது. மெஷினில் துவைக்கலாம் என்று லேபிள் போட்ட மெரினோ நூலில் இது ரொம்ப முக்கியம். கம்பளி இழையின் மேலே செதில்கள் இருக்கின்றன, அவை ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்வதால்தான் கம்பளி சுருங்கித் தடிக்கிறது. மெஷினில் துவைக்கிற நூலில் அந்தச் செதில்களை மழுக்கியோ பூச்சுப் பூசியோ விடுகிறார்கள். சுருங்காது, சரி. ஆனால் இழைகள் வழுக்குவதால் நனைந்ததும் நீளும். தையலே இல்லாத ஸ்வெட்டரை அந்த நூலில் பின்னி நனைத்துக் கொடியில் தொங்கவிட்டால் மறுநாள் நைட்டி. கனத்த ஆளுக்கு, அந்த மாதிரி நூலில், முறுக்குக் கயிறு மாதிரிக் கேபிள் டிசைன் வேறு போட்டு நீளமாகப் பின்னப் போகிறீர்கள் என்றால் நான் துண்டுகளையே சொல்வேன். மெலிந்த ஆளுக்கு, சாதாரண கம்பளியில் என்றால் மேலிருந்தே போகலாம். பின் கழுத்து உள்பக்கம் குரோஷா ஊசியால் ஒரு சங்கிலி ஓட்டுவதும், இரண்டு பக்கவாட்டிலும் ஒற்றைப் பர்ல் கண்ணிக் கோடு (சாதாரண நிட் கண்ணியின் மறுபக்கம் மாதிரி தெரிகிற கண்ணி) விடுவதும் தையலின் வேலையில் பாதியைச் செய்யும்.

தோள் பொருத்தம் என்று பார்த்தாலும் துண்டுமுறைதான் முதலில். சட்டை மாதிரி கையைத் தோளில் பொருத்தித் தைக்கிற வடிவம் எந்த ரேக்லனையும்விடக் கச்சிதமாக உட்காரும். அதைத் தையல் இல்லாமலேயே மேலிருந்து பின்னவும் வழி இருக்கிறது: தோளிலிருந்து உடம்பைப் பின்னி, கைத் துவாரத்தைச் சுற்றிக் கண்ணி எடுத்து, பாதி வரிசைகளால் கைத் தொப்பியை, அதாவது கையின் மேல் வளைவை, வடிப்பது. அமெரிக்காவில் பார்பரா வாக்கர் 1970களில் இந்த மாதிரி முறைகளை விரிவாக எழுதினார். முதல் ஸ்வெட்டருக்கு வேண்டாம். இரண்டாவதுக்கு யோசிக்கலாம்.

தைக்கத் தெரியாதே என்பதற்காகத் தையல் இல்லாத முறைக்கு வருகிறவர்கள்தான் அதிகம். பல வீடுகளில் முதுகும் முன்பக்கமும் பின்னி முடித்துத் தைக்காமல் டிரங்குப் பெட்டியில் கிடக்கும், பாச்சை உருண்டையோடு. இதுவும் ஒரு உண்மையான காரணம்தான், குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

வட்ட யோக்கைப் பற்றிச் சுருக்கமாக. ஐஸ்லாந்து ஸ்வெட்டர்களில் கழுத்தைச் சுற்றிப் பூவேலை செய்திருப்பார்களே, அந்த அழகு ரேக்லனில் வராது. ஆனால் அங்கே கண்ணி கூட்டுவது மூன்று நாலு வரிசையில் மொத்தமாக நடக்கிறது. போட்டுப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் போன கூட்டல் வரிசை வரை பிரித்தாக வேண்டும். ரேக்லனில் அடுத்த வரிசையிலேயே திருத்தலாம். ஆள் தூரத்தில் இருக்கும்போது யோக் எடுக்காதீர்கள். பக்கத்தில் இருக்கிற சின்னப் பெண்ணுக்குக் கொடைக்கானல் டூர் ஸ்வெட்டர் என்றால் தாராளமாக எடுக்கலாம். டிசைன் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், இல்லாவிட்டால் மான் எல்லாம் மல்லாந்து படுத்திருக்கும். அந்தக் காரணத்துக்காகவே பூவேலைக்காரர்கள் சிலர் கீழிருந்து பின்னுகிறார்கள். கைவசம் நூல் தாராளமாக இருந்தால் அதிலும் தப்பில்லை.

ஊசிச் செலவையும் ஒப்பிட வேண்டும். துண்டுமுறைக்கு இரண்டு ஜோடி நேர் ஊசி போதும். வட்டமாகப் பின்ன ஒயர் சேர்ந்த சர்குலர் ஊசி வேண்டும். கழுத்துக்கு 40 சென்டிமீட்டர், உடம்புக்கு 80, ரிப்புக்குச் சின்ன சைஸில் இன்னொன்று. கைக்குத் தனியாக வாங்க வேண்டாம், 80 சென்டிமீட்டர் ஒயரை நடுவில் வளைத்து வெளியே இழுத்துப் பின்னலாம். போனி ஊசிகள் நம் நீலகிரியில், கேத்திப் பக்கம்தான் தயாராகின்றன. ஒயர் விறைப்பாகச் சுருண்டு நின்றால் வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு நேராக்குங்கள்.

எந்த முறை எடுத்தாலும் சாம்பிளை மட்டும் தட்டிக் கழிக்க முடியாது. வட்டமாகப் பின்னப் போகிறீர்கள் என்றால் சாம்பிளும் வட்டமாக. பலருக்குப் பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வாக வரும், வட்டத்தில் பர்ல் கிடையாது, கணக்கு மாறிவிடும். பின்னி, நனைத்து, விரித்துக் காயவைத்து, பிறகு எண்ணுங்கள். 20 கண்ணி என்று நினைத்தது 19 ஆனால் அந்த 208 கண்ணி 104 சென்டிமீட்டருக்குப் பதில் 109 வரும். மொட்டை மாடியில் நிழலில் போட்டால் மதுரைக் காற்றுக்கு ஒரே பகலில் காய்ந்துவிடும். குளிர் ஊர்க்காரர்களுக்கு இல்லாத வசதி இது ஒன்று.

இவ்வளவையும் ஒரு முடிவாக்கிப் பார்க்க, எங்கள் வீட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டில் இருக்கிற தன் அப்பாவுக்கு ஸ்வெட்டர் பின்னப் போவதாக மதினி போன மாதம் சொன்னார். நூல் வாங்கியாயிற்று, சாம்பல் நிறம், 500 கிராம், ஒரே லாட். எந்த முறை என்று கேட்டார்.

“மதினி, உங்க அப்பா கையைத் தலைக்கு மேல தூக்குவாரா?”

“எங்க தூக்குறது? தோள்பட்டை பிடிச்சிருக்கு. பனியன் மாட்டுறதுக்கே அம்மா கூட நிக்கணும்.”

“அப்ப தலைவழியாப் போடுற எதுவும் வேண்டாம். முன்னால திறக்குற மாதிரிப் போட்டுருவோம்.”

வயதானவர்களுக்கு இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். கார்டிகன் என்றாலும் மேலிருந்து இறங்கும் ரேக்லனே வரும். வட்டமாகச் சேர்க்காமல் போய்த் திரும்பி வந்து பின்ன வேண்டும், அதனால் சாம்பிளும் தட்டையாக. முன்பக்கத்து 30 கண்ணியைப் பதினைந்து பதினைந்தாகப் பிரித்து இரண்டு ஓரத்திலும் போட்டு ஆரம்பிக்க வேண்டும். பர்ல் வரிசை வருகிறதே என்று மதினி முகத்தைச் சுளித்தார். கைகளாவது வட்டமாக வரும் என்று சமாதானம் சொன்னேன். 500 கிராம் அவருக்குக் கொஞ்சம் இழுபறிதான். அதனால் கைகளை முதலில் முடித்து, பட்டன் பட்டிக்கும் கழுத்துக்கும் 60 கிராம் எடுத்து வைத்துவிட்டு, மீதியை உடம்பில் போடச் சொல்லியிருக்கிறேன். பட்டிக்கு ஓரத்திலிருந்து கண்ணி எடுக்கும்போது நாலு வரிசைக்கு மூன்று கண்ணி என்ற கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். நாலுக்கு நாலு எடுத்தால் பட்டி நெளியும்.

பட்டன் துளை ஆண்களுக்கு இடது பட்டியில். துளை போடுவதற்கு முன்னால் பட்டனை வாங்கிவிட வேண்டும், துளையைப் பட்டனுக்குத் தகுந்த மாதிரி மாற்றலாம், பட்டனைத் துளைக்குத் தகுந்த மாதிரி மாற்ற முடியாது. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய கடைகளில் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறோம். விரல் நடுங்குகிற கைக்கு எட்டணா அளவில் இருந்தால் சின்னது, பழைய ஒரு ரூபாய் அளவாவது வேண்டும், நாலு துளை வைத்தது, வழவழப்பு இல்லாதது.